தலைமுழுக்கு

குளிக்காதே என்று நான்தான் சொன்னேன்.
பல் துலக்காதே. நகம் வெட்டாதே.
கழற்றியதைக் காகிதப் பையில் போடு,
பிளாஸ்டிக்கில் வேண்டாம்.
சுகாதாரப் பணியாளர் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
ஒலிங்கா தலையாட்டினாள்.
ஒரு காதில் மட்டும் கம்மல்.

போலீஸ் பெத்தலில் இருக்கிறது.
பெத்தலிலிருந்து விமானம் வர வேண்டும்.
விமானம் வர மூடுபனி விலக வேண்டும்.
அலாஸ்காவின் இந்த மூலைக்குச் சாலை கிடையாது,
உறைந்த ஆறுதான். அதுவும் ஏப்ரலில்
காலடியில் முனகத் தொடங்கிவிடும்.
'நாளைக்கு' என்றார்கள் தொலைபேசியில்.
மறுநாளும் 'நாளைக்கு' என்றார்கள்.

கிளினிக்கில் இரண்டு கட்டில்.
ஒன்றில் அவள்.
ஒன்றில் நான், பூட்ஸைக் கழற்றாமல்.
கதவுக்குக் குறுக்கே ஆக்சிஜன் சிலிண்டர்.

ஊர்வாய்க்கு மூடி இல்லை.
எங்கள் ஊரில் அதற்கு ஒரு குமிழ் உண்டு.
எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேல் வானொலிப் பெட்டி,
எல்லாருக்கும் ஒரே அலைவரிசை.
பிங்கோ எத்தனை மணிக்கு,
யார் வீட்டு நாய் அவிழ்ந்துகொண்டது,
கடல்நாய் எண்ணெய் யாருக்கு வேண்டும்,
இரவெல்லாம் கரகரக்கும்.
அணைத்து வைத்தால்
செத்தாயா என்று கதவைத் தட்ட வருவார்கள்.

இரண்டாம் இரவு அதில் அவன் குரல்.
'தேவாலயப் படியில் ஒரு கையுறை கிடந்தது,
நீல நூல் பின்னியது. யாருடையதோ,
வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.'
'உன்னைப் போல உண்டா நிக்கிஃபர்' என்று
யாரோ ஒருத்தி சிரித்தாள்.
ஒலிங்கா எழுந்துபோய்க் குமிழைத் திருகினாள்.
பதினொரு வருடத்தில் முதல்முறையாக
அந்த அறையில்
காற்று வீசுவது எனக்குக் கேட்டது.

வியாழன் அவன் தண்ணீர் கொண்டுவரும் நாள்.
குழாய் இல்லாத ஊர்.
பள்ளிக்கும் கிளினிக்குக்கும், முடியாதவர் வீடுகளுக்கும்
சறுக்குவண்டியில் பீப்பாய் ஏற்றி வந்து
காசு வாங்காமல் ஊற்றுவான்.
ஊரில் பாதிப்பேர் குடிப்பது அவன் தண்ணீர்.
வாசலில் இன்ஜின் நின்றது.
அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்தாள்.
கதவைச் சாண் அளவு திறந்து
'தண்ணீர் இருக்கிறது' என்றேன்.
காலிப் பீப்பாய் என் முதுகுக்குப் பின்னால்.
'அந்தப் பிள்ளைக்கு என்ன, காய்ச்சலா?' என்றான்.
அவன் என் சித்தி மகன்.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

இருட்டியதும் கோடரியோடு ஆற்றுக்குப் போனேன்.
பள்ளிச் சமையல்காரி மத்ரோனா
எங்கிருந்தோ வந்து, எதுவும் கேட்காமல்,
சாக்கை விரித்துப் பிடித்தாள்.
அவள் கை நடுங்கியதைக்
குளிர் என்றே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் விமானம்.
அதிகாரி சின்னப் பையன்,
பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான்.
அவளையும் பையையும் ஏற்றிப் போனார்கள்.
மறுநாள் திரும்பினாள், பை இல்லாமல்,
யாருடையதோ ஒரு கால்சட்டையில்.
ஆஸ்பத்திரியில் குளிக்கச் சொன்னார்களாம்.
குழாயைத் திறந்து, விரலை நீட்டி,
மூடிவிட்டாளாம்.

(கடிதம் பதினான்கு மாதம் கழித்து வந்தது.
அரைப் பக்கம். போதுமான,
என்று தொடங்கும் அந்த வரி
இங்கே வேண்டாம்.
அவன் இன்னும் மெழுகுவத்தி ஏற்றுகிறான்.
ஊர் யாரைத் தலைமுழுகியது என்று
நான் சொல்லவா வேண்டும்.)

அன்று மாலை ஆவிக்குளியல் குடிசையில்
கற்கள் சிவந்துவிட்டன.
பானையில் ஆறு கட்டி கட்டியாய் உருகியது.
ஒலிங்கா பின்னலை அவிழ்த்தாள்,
பானையைப் பார்த்தாள்.
'யார் தண்ணீர்?'
'நாங்கள் வெட்டியது.'
மொண்டாள். முதல் சொம்பைத்
தலைக்கு ஊற்றவில்லை, கல்லுக்கு ஊற்றினாள்.
சீறி எழுந்தது.
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போனபோது
வெள்ளைக்குள்ளிருந்து மத்ரோனாவின் குரல்:
'எனக்கு அப்போது பதினாறு.'

ஒலிங்கா இன்னொரு சொம்பு மொண்டாள்.